சிம்ரன் அழித்த மஞ்சள் வளையம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடைகளுக்கு மேலே, மாடியில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோவில் சிம்ரனுக்கு அழிக்கும் வேலை. மணப்பெண் கன்னத்துப் பருவை அழிப்பாள். மேடைக்குப் பின்னால் தொங்கும் ஒயரை அழிப்பாள். கல்யாணம் முடிந்த வாரமே சண்டை போட்டுக்கொண்டு போன மாமாவைக் குடும்பப் படத்திலிருந்து அழிப்பாள். இருபத்தாறு வயதுக்குள் நானூறு ஆல்பங்களுக்கு மேல் முடித்துவிட்டாள். “எங்க சிம்ரன் தொட்டா, அழுக்குன்னு ஒண்ணு இருந்த அடையாளமே தெரியாது” என்று முதலாளி தேவேந்திரன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவளைப் பறவைப் பக்கம் திருப்பியது ஒரு மேக்கப் தாமதம். இரண்டு வருடங்களுக்கு முன் ஓரிக்கைப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு ஜோடியைப் படமெடுக்கப் போனார்கள். மணப்பெண் காரைவிட்டு இறங்க இரண்டு மணி நேரமானது. சும்மா நிற்கத் தெரியாத சிம்ரன் லென்ஸைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். ஜோடி தயாரானபோது அவளைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஸ்டுடியோ ஒதுக்கிவைத்த பழைய கேமராவைத் தேவேந்திரன் அவளுக்கே கொடுத்துவிட்டார். தினமும் வேலைக்கு முன்பும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முன்பும் ஸ்கூட்டியில் ஏரிக்குப் போனாள். ஊர்ப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். குழுவின் பட்டியலில் அவள் பெயரில் நூற்றுப் பதினெட்டு வகைப் பறவைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் படம் உண்டு.

இந்தப் பங்குனியில்தான் வினை வந்தது. குளிர்காலத்துக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பும் மாதம் அது. கருவால் மூக்கன் என்ற நீண்ட அலகுப் பறவைக்குக் கழுத்தில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. ஒன்று தனியாகக் கரையோரம் வந்து நிற்க, சிம்ரன் படமெடுத்துவிட்டாள். மதியம் ஸ்டுடியோவில் பெரிதாக்கிப் பார்த்தால் காலில் ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது. பிஸ்கட் கவர் கிழிசல் என்று நினைத்தாள். கை தன்னால் போயிற்று. கால் சுத்தமானது. படம் குழுவுக்குப் போனது.

சரத்குமார் வங்கி அதிகாரி. குழுவிலேயே பெரிய லென்ஸும் கூர்மையான கண்ணும் அவருடையவை. பத்தே நிமிடத்தில் கேட்டார்: “கால்ல ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணியில தெரியுற கால்ல மஞ்சளா இருக்குதே? படத்துல கை வெச்சீங்களா?”

சிம்ரன் கள்ளமில்லாமல் பதில் போட்டாள்: “ஆமா சார். பிளாஸ்டிக் குப்பை ஒட்டிக்கினு இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

உடனே போன் அடித்தது. குழுவை நடத்தும் மங்கையர்க்கரசி. கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை.

“அது குப்பை இல்லமா! எங்கியோ ஆராய்ச்சிக்காரங்க புடிச்சு, நம்பர் போட்டு மாட்டிவிட்ட வளையம். அந்த நம்பரைப் படிச்சாதான் அது எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியும். ஒரிஜினல் வெச்சிருக்கியா?”

இல்லை. மறுநாள் கல்யாணத்துக்காக மெமரி கார்டைக் காலி செய்தாயிற்று. கணினியில் பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்திருந்தாள்.

குழுவில் சரத்குமார் விடவில்லை. “அது நெஜமாவே வளையம்தானா? கல்யாணத்துல மாமாவையே காணாம பண்றவங்க. நூத்திப் பதினெட்டையும் எப்படிப்பா நம்புறது?” மாமா கதையைச் சிரித்துக்கொண்டே குழுவில் சொன்னவள் அவளேதான்.

மங்கையர்க்கரசி சுற்றி வளைக்கவில்லை. “அந்தப் பறவை வளையத்தோட மறுபடி கிடைச்சா சரி. இல்லன்னா மாசக் கடைசியில உன் பட்டியல் முழுசையும் எடுத்துடணும்மா. வேற வழியில்ல.”

மறுநாள் விடியும்போதே சிம்ரன் ஏரியில் இருந்தாள். நூற்று நாற்பது கருவால் மூக்கன்கள் நடு ஏரியில் வயிறுவரை தண்ணீரில் நின்றன. ஒன்றின் காலும் தெரியவில்லை. கரையோரம் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தாள். வெயிலிலும் வயல் பாசனத்திலும் தண்ணீர் தினம் இரண்டு விரற்கடை இறங்கியது. பறவைகளும் தினம் குறைந்தன: தொண்ணூறு, அறுபது, முப்பத்தைந்து. கால் தெரியுமளவு தண்ணீர் இறங்க வேண்டும். அதற்குள் அந்தப் பறவை கிளம்பிவிடக் கூடாது.

“முகூர்த்த நாள்ல கொக்கு பாத்துக்கினு இருந்தா ஆல்பத்த யாரு முடிப்பா?” என்றார் தேவேந்திரன்.

“கொக்கு இல்லண்ணா.”

“ஏதோ ஒண்ணு. பதினோரு மணிக்குள்ள வந்துடு.”

ஆறாம் நாள் சரத்குமாருக்கு அவளே போன் செய்தாள். “நான் எடுத்தா நம்ப மாட்டீங்க சார். நாளைக்கு நீங்களும் வாங்க.”

ஏழாம் நாள் காலை பத்தொன்பது பறவைகள் மிச்சம். தண்ணீர் அவற்றின் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. சரத்குமார் முக்காலியை விரித்து லென்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தார். இருநூறு பேர் நிற்கும் கல்யாணப் படத்தில் கண் மூடியவர் யார் என்று தேடுவதுபோல், சிம்ரன் ஓரத்திலிருந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது பறவையில் நின்றாள்.

“சார்! அந்தக் கறுப்பு நாமக்கோழிக்குப் பின்னாடி. வலது கால்.”

சரத்குமார் குனிந்து பார்த்தார். “அட, வளையம்தான்!” ஒரு நொடி கழித்து, “ஆனா முழுக்கச் சேறு. நம்பர் தெரியலியே.”

“கம்ப்யூட்டரா இருந்தா ஒரே நிமிஷம் சார். தொடைச்சிருப்பேன்.”

“அம்மா தாயே, நீ சும்மா இரு!”

இருவரும் சிரித்த நேரத்தில் மேலே ஒரு பருந்து தாழ்ந்து வந்தது. பத்தொன்பதும் ஒரே வீச்சில் எழுந்தன. “போச்சு, கிளம்பிடுச்சுங்க” என்று சரத்குமார் நிமிர்ந்துவிட்டார். சிம்ரன் கண்ணை எடுக்கவில்லை. கூட்டம் ஏரியை ஒரு சுற்று சுற்றி, கரைக்குக் கிட்டே சற்று ஆழமான இடத்தில் இறங்கியது. அவள் சேற்றில் குப்புறப் படுத்தாள். பறவைகள் தண்ணீரை அளைந்துகொண்டு மேட்டுக்கு நடந்தன. நான்காவதாக ஏறியதன் காலில், கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று மஞ்சள்.

பன்னிரண்டு படங்கள். மூன்றில் எழுத்து தெளிவாக இருந்தது.

சரத்குமார் அவள் கேமராவை வாங்கி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தார்: “கே... நாலு... ஏழு!” தன் போனில் அந்தத் திரையையே படமெடுத்துக் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: “நான் பக்கத்துலயே நின்னேன். சிம்ரன் எடுத்தது. பட்டியல்ல யாரும் கை வைக்க வேணாம். நான் பேசினது தப்பு.”

பதினொன்றே காலுக்கு, முழங்கை வரை சேற்றோடு, அவள் ஸ்டுடியோ படியேறினாள்.

நாலு நாள் கழித்து, வளையம் மாட்டிய ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வந்த மின்னஞ்சலை மங்கையர்க்கரசி அனுப்பிவைத்தார். மங்கோலியாவில் ஒரு ஏரிக்கரையில் ஐந்து வருடங்களுக்கு முன் குஞ்சாக இருந்தபோது மாட்டிய வளையம் அது. அதன் பிறகு அந்தப் பறவையை உலகில் யாரும் பார்த்துச் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தகவல். கடைசி வரியில், கண்டவர்: சிம்ரன் யேசுதாஸ், காஞ்சிபுரம்.

அவள் அதை மனதுக்குள் மூன்று முறை படித்தாள். நான்காவது முறை, தேவேந்திரனுக்கும் ஆல்பம் வாங்க வந்திருந்த குடும்பத்துக்கும் கேட்கும்படி எழுந்து நின்று படித்தாள்.