எல்லோருக்கும் ஒரே வெளிச்சம்

திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். கல்யாண ஆல்பம் செய்வது, பாஸ்போர்ட் படத்தில் கலைந்த தலையைச் சீவிவிடுவது, இறந்தவர்களுக்குப் பின்னால் மேகம் வைப்பது எல்லாம் நான்தான். படித்தது பி.காம். அதற்கும் மேகத்துக்கும் என்ன தொடர்பு என்று முதலாளி இதுவரை கேட்டதில்லை. பெரிய மனது அவருக்கு.

போன வருடம் காக்களூரில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து வேலை வந்தது. என் அம்மா அங்கேதான் பேக்கிங்கில் இருக்கிறாள். கடம்பத்தூரிலிருந்து இருவரும் ஒரே ரயிலில்தான் வருவோம். கம்பெனி வாசலில் முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் மிஷின் வைக்கப் போகிறார்கள், எல்லோருக்கும் புது அடையாள அட்டையும் உண்டு, இரண்டுக்கும் ஒரே படம்தான் என்றார்கள்.

கேன்டீன் சுவரில் வெள்ளைத் துணி கட்டி எல்லோரையும் எடுத்தேன். மூடி செய்கிற மிஷினை விட்டு அப்படியே வந்து, துப்பட்டாவாலும் கைக்குட்டையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் முறை வந்தபோது, என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல, "மேடம், இங்க நிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அட்டைப் படம் கெட்டுவிடும் என்று பயம்.

மறுநாள் கம்பெனி மேனேஜர் ஸ்டுடியோவுக்கே வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஃபோட்டோஷாப்பில் ஆக்‌ஷன் என்று ஒன்று உண்டு. ஒரு படத்தில் நாம் செய்வதையெல்லாம் அது பதிவு செய்துகொள்ளும். பிறகு மொத்தப் படங்களையும் காட்டிவிட்டால், அதையே ஒவ்வொன்றிலும் தானாகச் செய்து முடிக்கும். மாதிரிக்கு ஏதாவது ஒரு படம் வேண்டும் என்றேன். மேனேஜர் தன்னுடையதைக் கொடுத்தார். அவரை விட்டால் மாதிரிக்கு வேறு யார் கிடைப்பார்?

அளவாக வெட்டினேன். பின்னணியை நீலமாக்கினேன்.

"மூஞ்சி டல்லா கீதேம்மா. ஆடிட்டுக்கு வெளிநாட்டுக்காரங்க வராங்க. பளிச்சுன்னு பண்ணு."

வெளிச்சத்தைக் கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்." மூக்கு கன்னத்தோடு கலந்து காணாமல் போன இடத்தில் அவருக்குத் திருப்தி வந்தது.

"சார், இதே படம்தானே வாசல் மிஷினுக்கும் போவுது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மிஷின் பாத்துக்கும். ஏஐ ம்மா அது."

பதிவை நிறுத்தி, எல்லாப் படங்களின்மேலும் ஓடவிட்டேன். முன்பு கூலிக்கு வயலில் நின்று கறுத்தவர்கள், மூடி வார்க்கிற சூட்டில் நின்று சிவந்தவர்கள், பிறந்ததிலிருந்தே மாநிறமானவர்கள் என்று எல்லோரும் திரையில் வரிசையாக வந்து சாம்பல் பூசிக்கொண்டு போனார்கள். முதலாளி டீயோடு வந்து வாய் பிளந்து பார்த்தார். "இத்தினி நாளா இதெல்லாம் கையாலயா பண்ணிக்கினு இருந்தோம்?" என்றார். அந்த 'இருந்தோமில்' அவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

மிஷின் வேலைக்கு வந்த காலையில் அம்மா போன் செய்தாள்.

"ஏன்டீ, மிஷினு என்ன யாருன்னே தெரியாதுன்னுது. ஒருத்தருக்கும் தொறக்கல. ஷிப்டே ரோட்டுல நின்னுகினு கீது."

போனை வைக்காமலே அங்கே நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜர் காரிலிருந்து இறங்கி வந்தாராம். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மிஷினுக்கு முகத்தைக் காட்டினாராம். அது தெரியாது என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னதாம். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், தலையைச் சீவிப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார். அப்போது அம்மா பேசியது எனக்கே போனில் கேட்டது.

"சார், கொஞ்சம் பவுடர் போட்டுக்கினு வந்து காட்டுங்க. அதுக்கு அடையாளம் தெரியும்."

அங்கே எழுந்த சிரிப்பில் எனக்குக் காது வலித்தது. அடுத்த போன் மேனேஜருடையது.

"பெரிய பேஜாராப் போச்சும்மா. அந்த ஆட்டோமேட்டிக்க அப்டியே ரிவர்ஸ்ல ஓட்டு. எல்லாரும் பழையபடி ஆயிடுவாங்க."

வெளுத்துப்போன மூக்கைத் திரும்ப வரவழைக்க எந்த மென்பொருளாலும் முடியாது என்று சொன்னால் அவருக்குப் புரியாது. நல்லவேளையாக, திருத்திய படங்கள் தனி ஃபோல்டருக்குப் போகும்படிதான் ஆக்‌ஷனை ஓட்டியிருந்தேன். எடுத்த படங்கள் எடுத்தபடியே இருந்தன. வெட்டுவதையும் சேமிப்பதையும் மட்டும் புதிதாகப் பதிவு செய்து ஓட்டி அனுப்பினேன். காலை நாஷ்டா நேரத்துக்குள் கதவு திறந்துவிட்டது. "ஏஐ கத்துக்கிச்சி" என்று மேனேஜர் எல்லோரிடமும் சொன்னாராம்.

அட்டைக்கும் உண்மையான முகத்தையே போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, அன்று மாலை ரயிலில் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். ஏதோ நீதியை நிலைநாட்டிவிட்ட மாதிரி ஒரு மிதப்பு எனக்கு.

"அதெல்லாம் வோணாம். பொண்ணுங்க அந்த வெள்ளப் படத்தப் பாத்துட்டு, கார்டுக்கு அதையே கேக்கறாங்க" என்றாள் அம்மா.

"மிஷினுக்கே அடையாளம் தெரியாத படத்தையா?"

"மிஷினா பொண்ணு பாக்க வருது?"

எனக்குக் கோபம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். முகத்தைத் திருப்பாமலே, "உனக்கு எது?" என்று கேட்டேன்.

"எனக்கு எடுத்த படமே போதும். வெள்ளையில நான் உங்க பெரியம்மா மாரி கீறேன்." பெரியம்மாவோடு அம்மா பேசி வெகுகாலமாகிறது.

ஆக, யாருக்கு எந்தப் படம் என்று எந்த ஆக்‌ஷனுக்கும் தெரியாது. ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். "இதுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் இல்லியா?" என்று மேனேஜர் சலித்துக்கொண்டார். மதிய இடைவேளையில் லேப்டாப்போடு கேன்டீனில் உட்கார்ந்தேன். சிலர் பழையதைக் கேட்டார்கள், பலர் வெள்ளையை. ஒரு அக்கா இரண்டுக்கும் நடுவில் ஒன்று கேட்டு, நான் கையால் செய்து காட்டியதும், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் வரிசை நெளிந்தது.

அம்மா தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "நீ துன்னு மொதல்ல. அவங்க யோசிக்கட்டும்."