கண்ணாடியைக் கழற்றும் இடம்

பாடப்புத்தகத்தில் உள்ள நாடகத்தின் நான்காம் காட்சியில், அரசன் தன் மகனின் உடலைப் பார்க்கும் இடத்தில், நான் அழுவேன். பாடசாலையில் படிப்பித்த காலம் முழுவதும் அழுதேன். ஓய்வு பெற்றபின் கழுவாஞ்சிகுடியில் ஒரு தகரக் கொட்டிலில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு ரியூசன் எடுக்கத் தொடங்கியபோதும் அழுகையை விடவில்லை. முதலில் குரலைத் தாழ்த்துவேன். பிறகு புத்தகத்தை மூடுவேன். வரிகள் எனக்கு மனப்பாடம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமே. பிறகு கண்ணாடியைக் கழற்றுவேன். மின்விசிறியின் சத்தம் இடைஞ்சல் என்று அதையும் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அந்த வெக்கையில் பிள்ளைகள் வியர்த்து வழிந்தபடி என் துயரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்பத்தில் அது உண்மையான கண்ணீர்தான். எப்போது பழக்கமாயிற்று என்று தெரியவில்லை. 'அழுகிற சேர்' என்ற பெயர் ஊர் ஊராகப் பரவியது. மற்ற ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களின் பெறுபேறுகளைத் தட்டியில் எழுதிச் சந்திகளில் கட்டினார்கள். எனக்குக் கண்ணீரே போதுமாக இருந்தது.

நாடகத்தின் கதை சிக்கலானதல்ல. கோள்பேச்சை நம்பிய அரசன் தன் மகனுக்கே மரண தண்டனை விதிக்கிறான். மகன் குற்றமற்றவன் என்று தெரியவரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது. அரசனின் வீழ்ச்சிக்கு அவனது அவசர புத்தியே காரணம் என்று நான் குறிப்புக் கொடுப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவார்கள். எல்லோருக்கும் திருப்தி.

ஒருத்திக்கு மட்டும் திருப்தியில்லை. மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து வரும் பிள்ளை. குறிப்பை எழுதிக்கொள்ளாமல் நாடகத்தைத் தானே வாசித்துவிட்டு வருவாள். ரியூசன் ஆசிரியருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. சபையில் நின்ற இத்தனை பேருக்கும் உண்மை தெரியும்தானே, ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று ஒருநாள் கேட்டாள். அது பரீட்சைக்கு வராது என்றேன். அவ்வளவு வருடம் படிப்பித்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பிறகு சில வாரம் அவள் வரவில்லை. திரும்பி வந்தபோது ஏன் என்று நான் கேட்கவில்லை. விட்ட குறிப்புகளை யாரிடமாவது பார்த்து எழுதிக்கொள் என்றேன். அன்றைக்குத்தான் நான்காம் காட்சி. மின்விசிறி நின்றது, புத்தகம் மூடியது, கண்ணாடி கழன்றது. அவள் சிரித்துவிட்டாள்.

என்ன சிரிப்பு என்று கேட்டேன். எழுந்து நின்றாள்.

"சேர் கண்ணாடியக் கழட்டினதும் சிரிப்பு வந்திட்டு. வேணுமெண்டு சிரிக்கல்ல சேர்."

வகுப்பே சிரித்தது.

"சாவு எண்டா என்னெண்டு தெரியுமா உனக்கு? தெரிஞ்சிருந்தா சிரிப்பியா?" என்றேன்.

சிரிப்பு அந்தக் கணமே அடங்கிவிட்டது. என் குரலுக்கு அடங்கியது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே போ, இனி இந்தப் பக்கம் வராதே என்றேன். அவள் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனாள். விட்ட இடத்திலிருந்து அழுகை வரவில்லை. இரண்டு வரி பின்னால் போய்த் தொடங்கி, அழுது முடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை என்னிடம் வந்தாள்.

"அவட அப்பாவ யானை அடிச்சிட்டு சேர். வயல் வட்டைக்குக் காவலுக்குப் போன இடத்தில."

இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"நீங்க கேக்கல்லயே சேர்."

மேலும் ஒன்று சொன்னாள். செத்த வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும், போன் கமராவைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்களாம். அவர்கள் போனபின், தாயும் மகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். அந்த நாட்களில் அவர்கள் சிரித்தது அதற்கு மட்டும்தானாம்.

அடுத்த ஞாயிறு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி மண்டூருக்குப் போனேன். சொல்ல வேண்டியதைத் தயார் செய்திருந்தேன்: பிழை என்னுடையது, மன்னித்துக்கொள் மகள், நீ கேட்ட கேள்விகளோடு வகுப்புக்கு வா.

முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்த தாய் பதறி எழுந்து, கதிரையைத் துடைத்துப் போட்டார். சேர் வீடு தேடி வந்துவிட்டாரே என்று அவருக்கு ஒரே சங்கடம். மகளைக் கூப்பிட்டார்.

"சேரிட்ட மன்னிப்புக் கேளு புள்ள. அப்பன் இல்லாம வாய் கூடிப் போச்சு சேர். நீங்கதான் பாத்துக்கொள்ளணும்."

அவள் என் செருப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"மன்னிச்சிக்கொள்ளுங்க சேர்."

அந்த இடத்தில் நான் இடைமறித்திருக்க வேண்டும். பிழை என்னுடையது என்ற இரண்டு சொல் போதும். ஆனால் வாழ்நாள் முழுவதும் மன்னித்தே பழகிய வாய் இது, கேட்டுப் பழகவில்லை. தாயின் முன்னால் சேராக இருப்பது சுகமாகவும் இருந்தது.

"பரவாயில்ல மகள். இனிக் கவனமா இரு," என்றேன். தேத்தண்ணீர் குடித்தேன். தாய் ஒரு பை மாம்பழம் தந்தார், அதையும் வாங்கிக்கொண்டேன்.

அவள் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். சிரிக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்லத் தலையைக் குனிந்து எழுதினாள். மாதிரிப் பரீட்சையில் அரசனின் வீழ்ச்சிக்குக் காரணம் கேட்டிருந்தேன். அவளுடைய விடை என் குறிப்பு, எழுத்துப் பிசகாமல். நான் அவசரத்தில் முன்பின்னாகச் சொன்ன இரண்டு வசனங்களும் அதே முன்பின்னாக இருந்தன. அவளுடையது என்று சொல்ல ஒரு சொல்லும் இல்லை. புள்ளி குறைக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

வகுப்பில் அதிக புள்ளி அவளுக்குத்தான். அந்தத் தாளை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்து, இப்படித்தான் எழுத வேண்டும் என்றேன்.