போனில் கேட்ட நாதஸ்வரம்

காலை ஐந்து நாற்பது. திருப்பதியில் என் தங்கையின் கல்யாண மண்டப வாசலில், பேன்ட் போட்ட ஒருவர் நாதஸ்வரப் பையோடு ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். குப்பம் ஊர் வித்வான் ஒருவரை, அவர் வாசித்து வாட்ஸ்அப்பில் வந்த பதிவைக் கேட்டுத்தான் ஏற்பாடு செய்திருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது.

வேட்டி மாற்றிக்கொண்டு வந்து வாசித்தார். அதே ராகம்தான். ஆனால் பதிவில் கேட்டது மெல்லிய, கூர்மையான நாதம்; இது கனத்த நாதம். வித்வான் தனக்குப் பதில் வேறு யாரையோ அனுப்பிவிட்டார் என்று முடிவுகட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே வாசிப்பை நிறுத்தச் சொன்னேன்.

"பதிவுல வாசிச்சது நீங்க இல்ல. ஆதார் கார்டு காட்டுங்க."

கூட வந்த தவில்காரர் வித்வானைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நாதஸ்வரத்துக்கும் ஆதார் கேக்கறாரு பாரு மாமா!"

வித்வான் சிரிக்கவில்லை. "ஆள மாத்திட்டான்னு ஊருக்குள்ள பேச்சு போச்சின்னா, அப்புறம் எவன் சார் என்னைக் கூப்புடுவான்? நான் வாசிக்கறேன், உன் போன்லயே புடி."

அதே வரியைத் திரும்ப வாசித்தார். பதிவு செய்து ஓடவிட்டேன். என் கையிலிருந்து அந்த மெல்லிய, கூர்மையான நாதம் வந்தது. கனத்தைத் தின்றது போன்தான்.

எதிரே உட்கார்ந்து வாசித்தவரைச் சந்தேகப்பட்டேன். போனைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகூர்த்தத்துக்காக நாதஸ்வரத்தின் ஊதுமுனைச் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார்.