பதினான்கு எல்ஃப் பிரபுக்கள்

அளவெட்டிப் பரமலிங்கத்தின் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நிவேதனா. பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. அவளுடைய விண்ணப்பங்களுக்கு வந்த பதில்களைவிட, "பிள்ளை இப்ப என்ன செய்யிறா?" என்று வீட்டுக்கு வந்த கேள்விகள்தான் அதிகம். கடைசியில் தகப்பன், கிளிநொச்சியில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை ஒன்றை ஒழுங்கு பண்ணிவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் வேறு வேலை கைக்கு வந்தால் மட்டும் போகத் தேவையில்லை. அன்று வெள்ளிக்கிழமை.

அந்த வேறு வேலை பிரான்சிலிருந்து, இணையம் வழியாக வந்திருந்தது. கணினி விளையாட்டுகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனம். அவர்களுடைய கதையில் எல்ஃபுகள் என்றோர் இனம் உண்டு. கூரான காது, முடியாத ஆயுள், காட்டுக்குள் மாளிகை. அந்த இனத்தின் உயர்குடிப் பிரபுக்களுக்கு, பிரெஞ்சுச் சாயலில் நாற்பது புதுப் பெயர்கள் வேண்டும். பிடித்துப்போனால் ஒரு வருட வேலை. நம்முடைய நேரப்படி அன்று பிற்பகல் மூன்றரைக்குள் அனுப்ப வேண்டும். நிவேதனா ஒரு மணிக்கே அனுப்பிவிட்டாள். பெருமை தாங்காமல், பாரிசில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஜெரிசனுக்கும் ஒரு பிரதி போட்டாள்.

இரண்டு மணி பத்துக்கு அவன் அழைத்தான்.

"எடியே, ஆர் உந்தக் கூர்நேவியேல் பிரபு?"

"மூத்த இளவரசன். ஏன் அண்ணை?"

"நான் லா கூர்நேவிலைதானே இருக்கிறன். இண்டைக்கும் லிஃப்ட் வேலை செய்யேல்லை. ஏழு மாடி படியாலை இறங்கி வந்தனான், வழியிலை ஒரு இளவரசனையும் காணேல்லை."

நிவேதனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"போபினார், சார்செலீன்... உதெல்லாம் எங்கடை சனம் நெருக்கியடிச்சு இருக்கிற தொடர்மாடி ஊருகளடி. பேரின்ரை வாலை மாத்தினாப்போலை பிரெஞ்சுக்காரனுக்குத் தெரியாதோ? மருதனார்மடச் சந்தியான் எண்டு ஒரு தேவனுக்குப் பேர் வைச்சா நீ என்ன செய்வாய்?"

அவள் பட்டியலைத் திறந்து எண்ணினாள். நாற்பதில் பதினான்கு பெயர்கள் அப்படி. அந்த ஊர்ப் பெயர்களை அவள் அறிந்தது பார்சல் பெட்டிகளின் முகவரியில்; கலியாண அல்பங்களின் பின்பக்கத்தில். "அவையள் போபினியிலை" என்று அம்மா சொல்லும்போது குரல் மரியாதையோடு கொஞ்சம் தாழும். அந்தத் தாழ்ந்த குரலை நம்பித்தான் மாளிகை கட்டியிருந்தாள். நாலு வருடம் படித்தவளுக்கு, ஒருமுறை தேடிப்பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

"வேலைக்குப் போற றெயின் வந்திட்டுது. கெதியா மாத்து," என்று ஜெரிசன் வைத்துவிட்டான்.

ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. பிரெஞ்சுப் பெயர்களைத் தேடத் தேட, எல்லாம் யாரோ ஒருவருடைய ஊராகவே தெரிந்தது. எதையும் நம்பி எழுதக் கை வரவில்லை. இருபது நிமிடம் அப்படியே போயிற்று. அம்மா நாகேஸ்வரி அறைக்குள் எட்டிப்பார்த்தார்.

"என்ன பிள்ளை, முகம் கறுத்துப்போச்சு?"

"பேர் வைக்கோணும் அம்மா. பதினாலு."

"இதுக்கே உந்தப் பாடு? உனக்குப் பேர் வைக்கேக்கை சாத்திரியார் எழுத்துத் தந்தவர், மிச்சத்தை நானும் கொப்பரும் ஒட்டினம். அரை மணித்தியாலம் செல்லேல்லை."

நிவேதனா சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைக் கழற்றி எடுத்தாள். நட்சத்திர எழுத்துகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. சே, லா, தோ, ரி. ஒவ்வொன்றின் பின்னாலும் நாக்கில் கரையும் பிரெஞ்சு ஓசை ஒன்றை ஒட்டினாள். சேவ்ரியான். லாவெரீன். தோமிரேல். ரிவோனெத். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வேலிக்கு அங்காலே நின்று ஒரு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடக்கூடிய பெயரென்றால் வெட்டினாள். இம்முறை ஒவ்வொன்றையும் இணையத்தில் தேடினாள். எந்த ஊரும் வரவில்லை.

மூன்று இருபத்தாறுக்குப் பட்டியல் முடிந்தது. "முதலில் அனுப்பியது தவறான கோப்பு" என்று எழுதத் தொடங்கி அழித்தாள். முதல் பட்டியலின் பதினான்கும் என் உறவினர் வாழும் ஊர்களிலிருந்து எடுத்தவை, பெரிய இடங்கள் என்று நினைத்துவிட்டேன் என்று உள்ளதை எழுதினாள். அனுப்பினாள். மூன்று இருபத்தெட்டு.

பதில் வர இருபது நிமிடம் எடுத்தது. அதுவரை அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. எலோடி என்ற பெண் எழுதியிருந்தாள்:

'இரண்டாவது பட்டியல் அழகு. திங்கள் தொடங்குவோம். அந்தப் பதினான்கையும் எறிய வேண்டாம். மாளிகைச் சமையலறை எல்ஃபுகளுக்கு வைக்கிறோம், இங்கே எல்லோரும் சிரிப்பார்கள். சம்மதமா?'

நிவேதனா 'இல்லை' என்று அடித்தாள். கிளிநொச்சி பஸ் நினைவுக்கு வந்தது. அழித்தாள். மறுபடி அதையே அடித்தாள். குசினி அடுப்படியிலிருந்து அம்மா, "என்னவாம்?" என்று கேட்டார்.

"கிடைச்சிட்டுது அம்மா," என்று சொல்லிவிட்டு, 'சம்மதம்' என்று அனுப்பினாள்.

அப்போது ஜெரிசனின் குரல்பதிவு வந்தது. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். "ரெஸ்ரோறண்ட் குசினியிலை கோப்பை கழுவிற இடத்திலை நிக்கிறன், கெதியாச் சொல்லு. எடுத்திட்டாங்களோ? எங்கடை ஊர்ப் பிரபுக்களை என்ன செய்தனி?"

'எடுத்திட்டாங்கள் அண்ணை,' என்று அவள் எழுதினாள். 'அவையளைத் தூக்கி எறிஞ்சிட்டன்.'