பெரியவனைக் கவிழ்க்காத சிப் கம்பெனி

என் மச்சினன் கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். போன வருஷம் அவன் பேச்சைக் கேட்டு, அவனோடு நானும் வெளிநாட்டு சிப் கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கினேன். அந்தத் தொழிலில் சந்தை முழுக்க ஒரு பெரிய கம்பெனியின் பிடியில் இருந்தது. நாங்கள் வாங்கியது அதற்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடும் சின்னக் கம்பெனி.

“பாத்துக்கிட்டே இருங்க அத்தான், ஒரே வருஷத்துல பெரியவனக் கவுத்திருவான்” என்றான் மச்சினன். அப்படிக் கவிழ்ந்தால் கழுகுமலை முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்தும் கொண்டான். சிப் விவகாரத்தில் முருகனுக்கு என்ன அக்கறை என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியின் மூன்று மாதக் கணக்கு வெளிவந்தது. விற்பனையும் கூடியிருந்தது, லாபமும் கூடியிருந்தது. ஆனால் பங்கு விலை அன்றைக்கே சரிந்தது. மச்சினனைப் போலவே உலகமெங்கும் ஆட்கள் பெரியவன் கவிழ்வான் என்று நம்பி, விலையை முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தார்கள். பெரியவனோ கவிழவில்லை.

“ஏமாத்திட்டான் அத்தான்!” என்று வீட்டுக்கு வந்து குதித்தான்.

என் மனைவி புளி கரைத்துக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். “ஏலே, உன் கடைக்கு எதுத்தாப்ல அம்புட்டுப் பெரிய ஷோரூம் இருக்குதே, அத நீ கவுத்திட்டியா?”

“அது எப்படிக்கா முடியும்? நான் ரிப்பேர் பாத்து ஏதோ நல்லாத்தான இருக்கேன்.”

“அந்தச் சின்னக் கம்பெனிக்காரனும் நல்லாத்தான இருக்கான்? அவன எதுக்குல வையுத?”

மச்சினன் சாப்பிட உட்கார்ந்தான்.

பங்குகளை நாங்கள் விற்கவில்லை. பெரியவன் அசையாமல் நிற்கிறான். சின்னவன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறான். எனக்கு அது போதும். மச்சினன் மட்டும் அக்கா காதில் விழாமல், “அடுத்த வருஷம் பாருங்க அத்தான்” என்கிறான்.