கம்பெனி கேட்டில் குடைமிளகாய் சுட்ட நாள்

போன வாரம் மருமகன் என்னை ஓசூரில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். சுட்ட காய்கறியை நீளத் தட்டில் அடுக்கி, நடுவில் கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ வைத்தார்கள். "கிரில்டு வெஜிடபிள் மாமா, இதுல தொட்டுச் சாப்பிடணும்" என்று சொல்லிக்கொடுத்தார். யாருக்கு? ஓசூருக்கே குடைமிளகாய் தின்னக் கற்றுக்கொடுத்தவனுக்கு. இதை வேறு யாரும் எழுதப்போவதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கருகின தோல் வாசனை மூக்கில் ஏறியதும் ஓசூரை ஒட்டின மூக்கண்டப்பள்ளி நினைவுக்கு வந்துவிட்டது. எண்பதுகளின் கடைசி. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே ஒரு கம்பெனியில் உலை வேலை. இன்றைக்கு எனக்கே மூன்று பட்டறை ஷெட் இருக்கிறது, அது வேறு கதை. எங்களோடு லோடு ஏற்றின முனியப்பண்ணனுக்குப் பக்கத்தில் பேரிகை என்ற ஊரில் கொஞ்சம் நிலம். ராகியை விட்டுவிட்டு, பெங்களூர் ஓட்டல்களுக்கென்று முதல் தடவையாகக் குடைமிளகாய் போட்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து பெங்களூர் லாரி வரவில்லை. மூட்டைகளை எங்கள் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள போவலன்னா மாட்டுக்குத்தாம்பா. ராகி போடுன்னு சொன்ன பொண்டாட்டி மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சுற்றி நின்றார்களே தவிர யாரும் வாங்கவில்லை. விரல் நீள மிளகாயே கண்ணீர் வரவைக்கும், இத்தனை பெரிய மிளகாய் என்ன செய்யும்? விளைவித்தவரே ஒன்றைக் கடித்ததில்லை. எனக்கோ, தெரியாததைத் தொட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது.

கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக் கரி அடுப்பில் கம்பிவலையைப் போட்டுக் காய்களை அடுக்கினேன். தோல் கறுத்து வெடித்தது. சுட்ட வரமிளகாய், பூண்டு, உப்பு மூன்றையும் நுணுக்கி டீக்கடை அக்காவின் தயிரில் கலக்கினேன். வாய் எரிந்தால் தயிர் காப்பாற்றும் என்று முன்யோசனை. அதில் ஏன் மிளகாய் போட்டாய் என்று கேட்காதீர்கள், காரமில்லாமல் எனக்கு இறங்காது.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிருங்கலே" என்றார் திருநெல்வேலி ஃபிட்டர்.

கடித்தேன். அத்தனை பேரும் என் கண்ணையே பார்த்தார்கள்.

"இனிக்குதுண்ணா."

"புளுவறான்பா" என்றது கூட்டம். ஃபிட்டர் என் கையிலிருந்ததைப் பிடுங்கித் தயிரில் முக்கி வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது. "காயி இனிப்பாத்தாம்லே இருக்கு. இவன் தயிருதாம்லே எரியுது."

அவ்வளவுதான். சாப்பாட்டுப் பைகளில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசியாக மிஞ்சின இரண்டு காயை முனியப்பண்ணன் விற்கவில்லை, துண்டில் முடிந்துகொண்டார். "அவளுக்குச் சுட்டுக் குடுக்கறேன். அந்தத் தயிர எப்பிடிக் கலக்குனேன்னு சொல்லு."

முனியப்பண்ணன் இப்போது இல்லை. அந்த டீக்கடை ரோட்டை அகலமாக்கினபோது போய்விட்டது. குடைமிளகாய் தெருத் தெருவாகக் கிடைக்கிறது. ஓட்டலில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தேன். என் கண் கலங்குகிறதா என்று பார்க்க ஒருவரும் இல்லை. மருமகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.