லாரிக்கு ஏர் எடுத்த அண்ணன் தம்பி

எழுபதுகளில், எனக்குக் கல்யாணமான புதிதில், எங்கள் வீட்டில் ஒரு லாரி இருந்தது. கடப்பாக்கம் பக்கத்துத் தோப்புகளில் சவுக்குக் கட்டை ஏற்றிச் செங்கல்பட்டில் இறக்கும் லாரி. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும், அதாவது என் மச்சாண்டாரும், உழவு மாட்டையெல்லாம் விற்றுவிட்டுக் கூட்டாக வாங்கியது. இரண்டு பேருமே ஓட்டுவார்கள். இரண்டு பேருமே தங்களை மெக்கானிக் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தார்கள். லாரிதான் அதை நம்பவில்லை.

அந்த மாசி மாதம் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. காரணம் மிகப் பெரியது. மச்சாண்டார் மகளின் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது; என் வீட்டுக்காரர் பெயர் கடைசி வரியில், அச்சகத்தின் பெயருக்கு ஒரு விரல் மேலே இருந்தது. இப்பேர்ப்பட்ட அநியாயத்துக்குப் பிறகு எந்தத் தம்பி பேசுவான்? ஒரே வீடு, ஒரே அடுப்பு, முகத்தை மட்டும் ஆளுக்கொரு சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அப்போது பார்த்து லாரியின் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகியது. என் வீட்டுக்காரர் சக்கரத்தைக் கழற்றி, கிழிந்த ரப்பர் வாஷரை மாற்றினார். மாற்றிய பிறகு பிரேக்கை மிதித்தால், ஊறவைத்த அவலை மிதித்ததுபோல் கால் உள்ளே போயிற்று. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டதாம். பிரேக் இல்லாத லாரியைச் செங்கல்பட்டு மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போக முடியாது. அவரோ, எங்கள் லாரி என்று கேள்விப்பட்டாலே வெளியூர் போய்விடுகிறவர்.

'ஏர் எடுப்பது' என்கிற அந்தக் காற்றை எடுக்கும் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் பிரேக்கை நாலைந்து தரம் மிதித்து, அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே படுத்திருப்பவர் சக்கரத்துக்கு உள்பக்கமிருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பார். ஆயிலோடு காற்றும் குமிழி குமிழியாக வெளியே வரும். அவர் மறுபடி மூடும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால், போன காற்று சொந்த வீட்டுக்கு வருவதுபோல் திரும்பி வந்துவிடும். ஆக, இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசியே ஆக வேண்டிய வேலை. எங்கள் வீட்டில் அதற்குத் தோதான இரண்டு பேர்தான் இருந்தார்களே.

மூத்தவர் மண்ணில் படுப்பது மரியாதை இல்லையென்று மச்சாண்டார் ஸ்டியரிங் முன்னால் ஏறிக்கொண்டார். தம்பி அடியில் நுழைந்தார். மச்சாண்டார் மனைவி, அதாவது என் ஓரகத்தி, மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்ததால், தூது போக என்னைக் கூப்பிட்டார்கள். மச்சாண்டார் எதிரில் நிற்கவோ குரலை உயர்த்தவோ கூடாது என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. பிரேக்கோடு சேர்ந்து அந்த ஒழுங்கும் அன்றைக்குப் பழுதாகியிருந்தது.

அழுத்தச் சொல் என்பார் இவர். நான் முன்பக்கம் போய், முந்தானையைப் போர்த்திக்கொண்டு, லாரிக் கதவைப் பார்த்து மெதுவாகச் சொல்வேன். அவர் அழுத்துவார். நான் திரும்பி வந்து, அழுத்தியாயிற்று என்பேன். இவர் நிப்பிளைத் திறப்பதற்கும் அவர் கால் ஓய்ந்து எடுப்பதற்கும் சரியாக இருக்கும்.

தூங்குகிறாரா என்று கேட்கச் சொன்னார் இவர். கொஞ்சம் நன்றாக அழுத்தணுமாம் மாமா என்று போய்ச் சொன்னேன். ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார் அவர். பார்த்துத் திருகச் சொல்கிறார் என்று வந்து சொன்னேன். இப்படிக் காரத்தை எடுத்துவிட்டுப் பரிமாறிக்கொண்டிருந்ததில் வெயில் ஏறியது. லாரியில் பிரேக் ஆயில் ஊற்றிவைக்கும் டப்பா காலியானதைக் கூட யாரும் கவனிக்கவில்லை. ஊற்றுவது அண்ணன் வேலை என்று தம்பியும், தம்பி வேலை என்று அண்ணனும் மனசுக்குள் தீர்மானித்திருந்தார்கள். காலி டப்பா வழியாகப் புதுக் காற்று இறங்கி, எல்லாம் முதலிலிருந்து.

உள்ளேயிருந்து சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அந்த நேரம் பார்த்து இவர், "எங்கண்ணன் காலு பிரேக்குக்கு ஆவாது, பந்தியில சம்மணம் போடத்தான் ஆவும்னு சொல்லு போ" என்றார்.

நான் போனேன். முந்தானையை இழுக்கவில்லை. மச்சாண்டார் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு எழுத்து குறைக்காமல் அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டுச் சோற்றை இறக்க உள்ளே போய்விட்டேன். கரித்துணியால் பானையை இறக்கி வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"இன்னாடா சொன்ன?" என்று வெளியே குரல் கேட்டது.

"நீ இன்னா பத்திரிகை அடிச்ச?" என்று லாரிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அப்புறம் ஊரே கேட்டது. தாய்மாமன், பந்தி, விற்ற மாடு, செத்துப்போன அத்தை எல்லாரும் இழுபட்டார்கள். நடுநடுவே, "ஆயில ஊத்து... புடி... வுடாத, வுடாத... ஆங், இப்ப வுடு" என்றும் கேட்டது. அந்த ஆத்திரத்தில் மிதித்த மிதிக்கு எந்தக் காற்று உள்ளே தங்கும்? சாம்பார் கொதித்து இறங்குவதற்குள் எல்லாச் சக்கரமும் முடிந்து, பிரேக் கல்லுமாதிரி நின்றது. இரண்டு பேரும் சேர்ந்தே ஏறிக் கடற்கரை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓரகத்தியையும் மீன் கூடையையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் விளக்கினார்: "நடுவுல பொம்பளைய வுட்டதுதான் தப்பு. நாங்க ரெண்டு பேரா இருந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்." மச்சாண்டார் ஆமோதித்துத் தலையாட்டினார். அண்ணன் தம்பி ஒற்றுமையைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தீய்ந்த சோற்றை இரண்டு பேருக்கும் பாரபட்சமில்லாமல் போட்டேன்.

பிறகு அடுப்படியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தபோது, ஓரகத்தி வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "நெசமாவே அவரு மூஞ்சியப் பாத்தா சொன்ன?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அவள் மீன் குழம்புச் சட்டியைத் துழாவி, நடுத்துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள்.